நரம்பு டாக்டரைப் பார்க்க வேலூர் போகிறீர்களா? கூடப் போகிறவருக்குச் சில விஷயங்கள்

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வந்தாலும், கை கால் இழுத்துக்கொண்டாலும், "உங்க தம்பியை எங்க காட்டுறீங்க அக்கா?" என்று என் தையல் கடைக்கு வந்து கேட்பார்கள். தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வலிப்பு ஆரம்பித்தது. முன்பு பவர்லூமில் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது அதே இடத்தில் லுங்கி மடித்துக் கட்டும் வேலை பார்க்கிறான், ஓடும் தறிப் பக்கம் போவதில்லை. அவனை வேலூர் சி.எம்.சி.யில் காட்டுகிறோம். எந்த டாக்டர், எந்த பஸ், எவ்வளவு செலவாகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வலிப்பு வரும்போது டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். வந்தவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. கண்ணால் பார்த்தது வீட்டில் இருக்கும் நாம்தான். நாம் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் இதை நோயாளிக்காக எழுதவில்லை, கூடப் போகிறவருக்காக எழுதுகிறேன்.

முதலில், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று விழுந்துபோவது, பேச்சு குழறுவது, இதற்கெல்லாம் அப்பாயிண்ட்மெண்ட் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம் என்றால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் போடுவார்கள். ஆகவே சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். காலையில் எழுந்திருக்கும்போதே கை வரவில்லை என்றால், ராத்திரி நன்றாகப் படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும், எழுந்த நேரத்தை அல்ல. வழியில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கும் இடிபடும் சாமானை நகர்த்துங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் துணியோ ஸ்பூனோ திணிக்க வேண்டாம். அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்துவிட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். முதல் தடவை வருகிறவர், கர்ப்பிணி, விழுந்து அடிபட்டவர் என்றால் 5 நிமிடம்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, இனி டாக்டர் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வது என்ற பேச்சுக்கு வருவோம்.

"வெட்டி வெட்டி இழுத்துச்சு டாக்டர்" என்றால் போதாது. வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி, ஏதோ வாடை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாரா, முதலில் அசைந்தது எந்தக் கை, தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா, நின்ற பிறகு பேச்சு வர எவ்வளவு நேரம் ஆனது, இந்த ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் இருக்கிறது. ஒரு கையில் ஆரம்பித்து உடம்பு முழுக்கப் பரவினால் ஒரு மாதிரி, எடுத்த எடுப்பிலேயே இரண்டு பக்கமும் இழுத்தால் வேறு மாதிரி. மருந்தே அதைப் பொறுத்து மாறும். எல்லா வலிப்பிலும் கை கால் இழுக்கும் என்பதும் இல்லை. சிலர் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பார்கள், வாயை மென்றுகொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் பதில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "ஏதோ யோசனையில இருக்கான்" என்று விட்டுவிடுகிறோம்.

இதை எல்லாம் அந்த நேரத்துப் பதற்றத்தில் மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதனால் செல்போனில் வீடியோ எடுங்கள். கூச்சம் வேண்டாம், டாக்டர்களே கேட்கிறார்கள். ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். முகம் மட்டும் தெரிந்தால் பிரயோஜனம் இல்லை. போர்வையை விலக்கி, தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுங்கள், லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தெளிந்த பிறகு அந்த வார்த்தை ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுசாகத் தெளியும் வரை நிறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் எடுத்த வீடியோவில் தம்பி பாயில் உட்கார்ந்திருக்கிறான். இடது கை லுங்கி ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கிறது. எங்கள் எல்லார் கண்ணும் அந்தக் கையில்தான் இருந்தது. டாக்டர் ஒரு தரம் பார்த்தார், ஓட்டி இன்னொரு தரம் பார்த்தார், வலது கையைக் காட்டி "இது எப்பவும் இப்படித்தான் விறைக்குமா?" என்று கேட்டார். மணிக்கட்டு மடங்கி, விரல் எல்லாம் கோணிக்கொண்டு அசையாமல் நின்றது அந்தக் கை. இடது கை துழாவி, வலது கை விறைத்தால், வலிப்பு மூளையின் இடது பொட்டுப் பக்கம் ஆரம்பிக்க வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். பழைய ஸ்கேனில் "நார்மல்" என்று வந்திருந்தது. வலிப்புக்கென்றே தனியாக எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில், அதே இடது பக்கம், ஞாபகசக்திக்கான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருப்பது தெரிந்தது. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த வீடியோ சொல்லிக் கொடுத்தது.

வீட்டில் மாதக் காலண்டர் மாட்டியிருப்பீர்கள். வலிப்பு வந்த தேதியில் வட்டம் போட்டு, நேரத்தை எழுதுங்கள். பக்கத்திலேயே, மாத்திரை விட்டுப்போனதா, தூக்கம் கெட்டதா, காய்ச்சலா, குடித்திருந்தாரா, பெண்களுக்கு மாதவிலக்கு நாளா என்று ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் ராத்திரி யாரும் தூங்க மாட்டார்கள். தம்பியின் காலண்டரில் வைகாசி ஆரம்பத்தில் வருஷா வருஷம் வட்டம் விழுவதை அப்படித்தான் கவனித்தோம். இப்போது அந்த ராத்திரி அவன் நேரத்தோடு மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறான்.

பையில் என்ன வைப்பது? ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஃபிலிமும் சி.டி.யும் வேண்டும். நரம்பு டாக்டர்கள் படத்தைத் தாங்களே பார்ப்பார்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கொடுத்து நிறுத்திய மாத்திரைகளின் பெயரும், ஏன் நிறுத்தினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு மாத்திரையால் உடம்பில் தடிப்பு வந்திருந்தால், அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, பொடி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். அப்படி விற்கிற சில பொடிகளில் ஆங்கில வலிப்பு மருந்தே கலந்திருப்பதைப் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடுவது அதனால்தான்.

அப்பாயிண்ட்மெண்ட் சீட்டில் எந்த வளாகம் என்று நன்றாகப் பாருங்கள். ஊருக்குள் ஐடா ஸ்கடர் ரோட்டில் இருப்பது பழைய ஆஸ்பத்திரி. ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரிப் பக்கம், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கே.வி.குப்பம் வழியாகக் காட்பாடி வந்து இறங்கிவிட்டு, எங்கே போவது என்று ஆட்டோக்காரரிடம் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். சி.எம்.சி.யில் ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு விதமாகப் பார்ப்பார்கள், கட்டணம் வேறு. நோயாளியின் ஆஸ்பத்திரி நம்பரைக் கூட வருகிற ஒவ்வொருவரும் செல்போனில் போட்டு வைத்திருங்கள்.

உள்ளே போனால் முதலில் வருவது பெரிய டாக்டர் இல்லை. எம்.டி. முடித்துவிட்டு, நரம்பியலுக்காகவே மேலும் 3 வருஷம் டி.எம். படிக்கிற டாக்டர் வந்து ஆரம்பத்திலிருந்து கேட்பார். பிறகு அவருக்கு மூத்தவர், கடைசியில் பெரிய டாக்டர். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். சலித்துக்கொண்டு "எல்லாம் அந்த டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று சுருக்கிவிடாதீர்கள். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் விட்டுப்போனது ஞாபகம் வரும். காலில் சுத்தியலால் தட்டுவது, கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்ப்பது, நடக்கச் சொல்வது எல்லாம் சோதனைதான், மாணவர்களும் சுற்றி நிற்பார்கள். கற்றுக்கொடுக்கிற ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான், எனக்கு அது நல்லதாகவே படுகிறது. இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சைக்கென்று முதல் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இங்கேதான் ஆரம்பித்தார். கனடாவில் மான்ட்ரியால் நகரில், வலிப்பு அறுவை சிகிச்சையில் பேர்போன பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் அவர். நம் ஊருக்கு வந்து சேர்ந்த படிப்பு அது.

மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னால், முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய் கூடாது, பூவும் ஹேர்பின்னும் வேண்டாம். தூக்கம் குறைத்து வரச் சொன்னால் மட்டும் ராத்திரி விழித்திருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மாத்திரையை அவர்கள் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், கண்ணுக்கு நேரே லைட் மின்னும், வலி எதுவும் கிடையாது. இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்த நேரத்தில் எதுவும் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப், கண்ணில் பட்ட இரும்புத் தூள் எது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். பெண்களுக்கு ஒன்று: தாலிச் செயினில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள்! தங்கத்தைவிட அந்த ஊக்குதான் ஆபத்து. தாலியைக் கழற்ற மனசில்லாதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரியாகத் தேர்ந்தெடுத்த 2 மருந்துகளை உரிய அளவில் சாப்பிட்டும் வலிப்பு அடங்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது என்று மாற்றிக்கொண்டே வருஷத்தை ஓட்டாதீர்கள். "ஆபரேஷனுக்குப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அட்மிட் செய்து, மாத்திரையைக் குறைத்து, கேமராவும் இ.இ.ஜி.யும் சேர்த்து ராத்திரி பகலாகப் பதிவு செய்து பார்ப்பார்கள். தம்பிக்கு இப்போது அந்தக் கட்டம்தான். எல்லாருக்கும் ஆபரேஷன் ஒத்துவராது, ஆனால் யாருக்கு ஒத்துவரும் என்று பார்க்காமலே விடக் கூடாது.

ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டு ஒரு காகிதத்தோடு யாராவது வரலாம். பயந்து ஓடவும் வேண்டாம், டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று கையெழுத்துப் போடவும் வேண்டாம். தமிழில் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதில் எது எனக்கான வைத்தியம், எது ஆராய்ச்சிக்காக மட்டும்? கூடுதலாக ரத்தம் எடுப்பீர்களா? அதற்குச் செலவு யாருடையது? புது மருந்தால் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? இந்த நான்கையும் கேளுங்கள். ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் குறையக் கூடாது. மருந்துச் சோதனையில் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் 2019-ல் வந்த விதிகளிலேயே இருக்கின்றன.

நான் ஆராய்ச்சியை மதிக்கிறேன், காரணம் இருக்கிறது. சி.எம்.சி. டாக்டர்கள் வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்து, 2006-ல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுவின் இளம்புழுதான் காரணம். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் வரும். புழு இருப்பவரின் மலத்திலிருந்து முட்டை கைக்கும் கீரைக்கும் தண்ணீருக்கும் போய், அங்கிருந்து வாய்க்கு வருகிறது. கதவைத் தட்டியபோது நம் ஜனங்கள் பதில் சொன்னதால்தான் இது தெரிந்தது.

அறையை விட்டு வெளியே வரும் முன் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மாத்திரை மறந்தால் என்ன செய்வது? அதே கம்பெனி மாத்திரை கிடைக்காவிட்டால் வேறு வாங்கலாமா? வண்டி ஓட்டலாமா, கிணற்றில் குளிக்கலாமா? வயசுப் பெண் என்றால், கல்யாணம், குழந்தை பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். கர்ப்பம் ஆவதற்கு முன்பே மருந்தை மாற்றுவதும் ஃபோலிக் ஆசிட் ஆரம்பிப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. வலிப்பைக் காட்டிக் கல்யாணமே செல்லாது என்று ரத்து கேட்கும் வழியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். அப்புறம், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். சில மருந்துகள் நம் ஊர்க் கடைகளில் சொல்லி வைத்தால்தான் வரும்.