நடன இசை நிகழ்ச்சி: வரவு செலவில் நேரும் தவறுகள்

மின்னணு நடன இசை நிகழ்ச்சியை முதன்முறையாக நடத்த முனைபவர்களில் பலர், பெயர்பெற்ற டிஜே ஒருவரை ஒப்பந்தம் செய்துவிட்டு, அந்தத் தொகையை எப்படித் தேற்றுவது என்று பிறகே கணக்குப் போட உட்காருகிறார்கள். இந்த வரிசைதான் முதல் தவறு. பேசிய தொகையில் பாதியை முன்பணமாகக் கேட்பது இத்துறையில் வழக்கம். நிகழ்ச்சியை நாமே ரத்து செய்தால் பெரும்பாலும் அது திரும்பி வராது. விமானப் பயணம், தங்குமிடம், அவர் குறிப்பிட்டுக் கேட்கும் மிக்சர் என்ற இசைக்கலப்புக் கருவிக்கான வாடகை ஆகியவை அதற்கு மேல் தனியாக வரும்.

இடத்தின் கொள்ளளவையே விற்பனையாக எண்ணிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. 1,000 பேர் கொள்ளும் அரங்கில் நிலையான செலவு 60,000 என்றும், நுழைவுச்சீட்டு 100 என்றும், அதில் விற்பனைத் தளத்தின் கட்டணம் 8, ஒருவருக்கான பாதுகாப்பு, துப்புரவுச் செலவு 12 என்றும் கொள்வோம். சீட்டு ஒன்றுக்கு 80 மிஞ்சுவதால் 750 விற்றால் முதல் தேறிவிடும் என்று தோன்றும். ஆனால் 200 சீட்டுகளை முன்பதிவுச் சலுகையில் 70க்கு விற்று, 50 பேரை விருந்தினர் பட்டியலில் இலவசமாக அனுமதித்தால், முதல் தேறவே 833 சீட்டுகள் விற்க வேண்டும்; விற்கக்கூடியவையோ 950தான். விருந்தினர் பட்டியலை நண்பர்களுக்குச் செய்யும் மரியாதையாகக் கருதாமல், செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பான விற்பனை பள்ளத்தை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையும் பலரை ஏமாற்றியிருக்கிறது. பல அரங்குகளில் அந்த வருமானம் உரிமையாளருக்கே சேரும் என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் அதை முதலில் படிக்க வேண்டும்.

முன்பதிவில் வந்த பணத்தை இலாபமாக நினைத்துச் செலவழிப்பதும் ஆபத்தானது. நிகழ்ச்சி நடந்து முடியும்வரை அது பார்வையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கக்கூடிய கடனே.

திறந்தவெளியில் மழையைக் கணக்கில் சேர்க்காதவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2015இல் நடந்த டுமாரோவேர்ல்ட் விழாவை நினைத்துப் பார்க்க வேண்டும். மழையில் சாலைகள் சேறாகிப் பேருந்துகள் தடைபட்டதால், ஆயிரக்கணக்கானோர் இரவில் வீடு திரும்ப வழியின்றித் தவித்தனர். இறுதி நாளில் வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கியிருந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. அவ்விழாவை நடத்திய எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம் 2013இல் பங்குச்சந்தையில் நுழைந்தது. பல நிறுவனங்களை வாங்கிச் சேர்த்த கடன் சுமையுடன், 2016 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது.