பையர் கொடுத்த போர்டோ பாட்டிலை என்ன செய்வது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் வேலை பார்த்தால், சரக்கு வாங்க வரும் பிரெஞ்சு பையர் கையால் ஒரு ஒயின் பாட்டிலாவது வந்துவிடும். எனக்கு முதல் பாட்டிலாகப் பிரான்சின் போர்டோ ஊர் சிவப்பு ஒயின் வந்தபோது அப்பா லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏஞ்சாமி, இது தோட்டத்துக்கு அடிக்கற மருந்தல்லோ?" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை, 1880-களில் அந்த ஊர்த் திராட்சைத் தோட்டங்களில் பிறந்ததுதான்.

அந்தப் பாட்டிலை நான் பாழாக்கினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பீரோ மேல் இரண்டு சித்திரையைத் தாண்டியது. எடுத்துப் பார்த்தால் கார்க் பிதுங்கியிருந்தது; உள்ளே காய்ச்சிய பழப்பாகு வாசம். அதனால் சேர்த்து வைக்காதீர்கள். பல வருஷம் தாங்கும் என்ற பேரெல்லாம் நல்ல சாத்தோக்களின், அதாவது ஒயின் பண்ணைகளின், சரக்குக்கு, அதுவும் குளிர்ந்த நிலவறையில். நம் வீட்டில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்து, சில மாதத்தில் திறந்துவிடுங்கள்.

லேபிளில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்து, போர்டோ ஆற்றின் எந்தக் கரைச் சரக்கு என்று பாருங்கள். மெதோக், பொய்யாக், மார்கோ என்றிருந்தால் இடக்கரை. சரளை மண், கேபர்னே சோவினியோன் என்ற திராட்சை தூக்கல், முறுக்கான சரக்கு. சேன்ட் எமிலியோன், பொமரோல் என்றால் வலக்கரை. மெர்லோ திராட்சை அதிகம், கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இரண்டு பக்கமும் பெரும்பாலும் கலப்புதான், நம் காட்டன் லைக்ரா மாதிரி. 1855-இல் போட்ட போர்டோ சாத்தோக்களின் தரவரிசையின் முதல் வரிசையில் இன்று லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன், 1973-இல் ஏறி வந்த மூத்தோன் என ஐந்து பேர். அதில் ஒன்றை பையர் நீட்டினால் பீஸ் விலையைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரி இருக்கணும். நம் மே மாதத்துக்கு அது நடக்காது. வெளியே வைத்திருந்த பாட்டில் என்றால் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிளாஸில் கால்வாசி ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து ஷேடு பாருங்கள். ஓரம் ஊதா அடித்தால் இளசு, செங்கல் நிறம் ஓடினால் வயசானது. வயசான பாட்டிலின் அடியில் வண்டல் இருக்கும். மெதுவாக ஊற்றி, கடைசி மடக்கை விட்டுவிடலாம்.

பன்னீர் திராட்சை இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறெல்லாம் இழுக்கும். திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு அது. இளசு என்றால் ஜக்கில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள், இறுக்கம் தளரும்.

தொட்டுக்கொள்ளப் பள்ளிபாளையம் சிக்கன் மட்டும் வேண்டாம். வரமிளகாய்க் காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு எரிந்துவிடும். கொழுப்போடு, மிளகு கம்மியாகப் போட்டு வறுத்த ஆட்டுக்கறிதான் சரி. கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும்.

மீதியைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். எங்கள் வீட்டில் மிஞ்சும். அப்பா ஒரே மடக்கோடு, "கடுக்காய்க் கசாயமாட்ட இருக்குது, இதைப் போய் காசு குடுத்து வாங்கறாங்களா?" என்று கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டார்.