கிராண்ட் பணத்தை சாஸா திருப்பிக் கேட்டால்: அப்பீலில் செய்யக்கூடாத தவறுகள்

உடலிலோ மனவளர்ச்சியிலோ கடுமையான குறை உள்ள பிள்ளையை வீட்டில் வைத்து முழுநேரமும் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு, உதவித்தொகைகளை வழங்கும் சாஸா அமைப்பு வழியாகத் தருவது கேர் டிபென்டன்சி கிராண்ட். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரைதான். பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். (ஃபாஸ்டர் பெற்றோருக்கு, அதாவது வளர்ப்புப் பெற்றோருக்கு, அந்தக் கணக்கு கிடையாது.) கணவருக்குச் சம்பளம் ஏறியது, பிள்ளையை நிரந்தரமாக அரசு இல்லத்தில் சேர்த்தாயிற்று என்று ஏதோ மாறியபிறகும் பணம் வந்துகொண்டே இருந்தால், பின்னால் ஒருநாள் 'கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், கட்டுங்கள்' என்று கடிதம் வரும்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வயதானவர்கள் உடனே செய்வது, கவுன்ட்டரில் போய் அழுவது. "பார்க்கலாம் ஆன்ட்டி" என்பார்கள், நம்பி வந்துவிடுவார்கள். வாய்ப்பேச்சு அப்பீல் ஆகாது. முடிவு தெரிந்த 90 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரிப்பது சாஸா அல்ல, தனியான ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்). கட்டணம் கிடையாது, ஆகவே 'நான் முடித்துத் தருகிறேன்' என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாள் தாண்டிவிட்டதா? ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி ஆதாரத்தோடு தாமதத்துக்குக் காரணம் எழுதி, ஏற்கும்படி கேட்கலாம்.

தவணையில் கட்டச் சொல்லி நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டபின் கணக்கு தப்பு என்று வாதாடுவது கஷ்டம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, மாதம் எத்தனை ராண்ட் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். முடிவுக்கான காரணத்தை 90 நாளுக்குள் எழுதிக் கேட்க 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பதில் வரட்டும் என்று உட்கார்ந்தால் அப்பீல் நாள் போய்விடும். இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

என் கணிப்பில் பெரிய தவறு வேறு. அப்பீல் கடிதத்தின் நாலு பக்கமும் வறுமையைப் பற்றியே எழுதுகிறார்கள். கஷ்டத்தைச் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் 2004ஆம் ஆண்டு சமூக உதவிச் சட்டம் கேட்கும் கேள்வி, உரிமை இல்லை என்று தெரிந்தே வாங்கினீர்களா என்பது. அதற்குப் பதில் எங்கே? சம்பளம் மாறியதை எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ரசீது இல்லையென்றால் கூட வந்த மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ கண்டதை அஃபிடவிட்டாக (சத்தியம் செய்த எழுத்து வாக்குமூலமாக) தரட்டும். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். 'சொன்னோம்' என்ற ஒற்றை வரியைவிட 'மார்ச் மாதம் சம்பளச் சீட்டோடு போனோம்' என்பதற்கு எடை அதிகம். போகவே இல்லையென்றால் போனதாக எழுதாதீர்கள். பொய்ச் சத்தியம் குற்றம்.

கிராண்டை நிறுத்தியதும் பழைய பணத்தைக் கேட்பதும் ஒரே கடிதத்தில் வந்தாலும் இரண்டு முடிவுகள். எதை எதிர்க்கிறீர்கள் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கொடுப்பதற்கெல்லாம் நகல் எடுத்து, அதில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தடுமாறினால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். போகும்போது அந்தக் கடிதத்தோடு அது வந்த கவரையும் கொண்டுபோங்கள், தபால் தேதி அதில்தான் இருக்கும்.