ஒசாகாவுக்குப் பிள்ளைகளோடு: கோலாலம்பூரில் கிளம்பும் முன்

சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட், ஜப்பானில் 100. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் கூட்டாது. சூடு ஆறில் ஒரு பங்காகக் குறைந்து, அரிசி வேகாமல் ஊறிக் கிடக்கும். அங்கே பாக்கெட் சோறு கிடைக்கும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் போதும். சைவக் குடும்பங்கள் கவனிக்கவும்: காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சாறும் பெரும்பாலும் காய்ந்த மீனில் காய்ச்சியதே.

ரயிலில் பெரியவர் ஒருவரோடு 6 வயதுக்குட்பட்ட இருவருக்கு டிக்கெட் வேண்டாம். 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம். ரயில் கட்டணத்துக்கான சிறுவர் இக்கோக்கா (ICOCA) அட்டைக்குப் பாஸ்போர்ட்டோடு கவுண்டருக்குப் போங்கள். காலை 7.30 முதல் 9 வரை தள்ளுவண்டியோடு ஏறவே வேண்டாம்.

ஒரே இடம்தான் முடியுமென்றால் கையுகான் மீன் காட்சியகம். எட்டாம் மாடியிலிருந்து சுற்றிச்சுற்றி இறங்கும் பாதை. திமிங்கலச் சுறாவைப் பல மட்டங்களில் பார்க்கலாம்.