‘ஆவர்த்தன அட்டவணை’ என்ற பெயரைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திர மொழிபெயர்ப்பில் உருவான வேதியியல் கட்டுரைகளைப் படிப்பவர்கள், தனிமங்களின் ‘கால அட்டவணை’ என்ற தொடரைக் கண்டிருப்பார்கள். வகுப்பறைச் சுவரில் பாடவேளைகளையும் பேருந்து நிலையத்தில் புறப்படும் நேரங்களையும் காட்டுவதே தமிழில் கால அட்டவணை. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் அதில் வேலையில்லை. ‘பீரியாடிக் டேபிள்’ (periodic table) என்ற ஆங்கிலப் பெயருக்கு அடிப்படையான ‘பீரியட்’ என்ற சொல்லுக்குக் காலம் என்ற பொருளும் இருப்பதால் நேர்ந்த பிழை இது. அந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ‘பெரி’ என்றால் சுற்றி, ‘ஹோடோஸ்’ என்றால் வழி. இரண்டும் சேர்ந்த ‘பெரியோடோஸ்’ சுற்றிவருதலைக் குறிக்கிறது. தனிமங்களை முறைப்படி அடுக்கிக்கொண்டே போனால் பண்புகள் சுற்றிவந்து மீண்டும் தோன்றுகின்றன என்பதையே அட்டவணையின் பெயர் சொல்கிறது.

ஆவர்த்தனம் என்றால் சுற்றி மீள்வது; இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘ஆவர்த்தன அட்டவணை’ என்ற பெயரில் இந்தப் பொருள் முழுமையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ‘தனிம வரிசை அட்டவணை’ எளிய, நல்ல பெயர்தான்; ஆனால் அது வரிசையைச் சொல்லி, மீள்வதைச் சொல்லாமல் விடுகிறது. அதனால்தான் பண்புகள் மீள்வதைக் கூறும், பாடத்தில் பின்னால் வரும் ‘ஆவர்த்தன விதி’யை மாணவர்கள் பலர் அட்டவணையோடு தொடர்பில்லாத வேறொரு விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு பெயர்களையும் ஒரே பாடத்தில் சேர்த்துச் சொல்லிவிடுவது ஆசிரியர்களுக்கு நல்லது.

கிடைமட்ட வரிசைகளை ஆங்கிலத்தில் ‘பீரியட்’ என்று அழைப்பதால்தான் அட்டவணைக்கு அந்தப் பெயர் வந்தது என்று எழுதுவது அடுத்த தவறு. ரஷ்ய வேதியியலாளர் திமீத்ரி மெண்டலீவ் 1869இல் வெளியிட்ட முதல் அட்டவணையில் லித்தியமும் சோடியமும் பொட்டாசியமும் இன்றுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கவில்லை. பக்கவாட்டில் அடுத்தடுத்து நின்றன. இன்று கிடைமட்டமாக ஓடுவது அன்று மேலிருந்து கீழாக ஓடியது. அந்த அட்டவணையின் தலைப்பில்கூட ‘ஆவர்த்தனம்’ என்ற சொல் இல்லை. அணு எடையையும் வேதி ஒப்புமையையும் அடிப்படையாகக் கொண்ட தனிம அமைப்புக்கான முயற்சி என்றே அவர் தலைப்பிட்டிருந்தார். அணு எடைப்படி அடுக்கினால் பண்புகளில் ஆவர்த்தனம் தெளிவாகத் தெரிகிறது என்று அதே ஆண்டுக் கட்டுரையில் எழுதினார். ஆக, முதலில் கண்டது மீள்தலை. ஒரு மீள்தலுக்கும் அடுத்த மீள்தலுக்கும் இடைப்பட்ட வரிசைக்கு அந்தப் பெயர் அதன் வழியாகவே வந்தது.

மிகவும் ஆழமாக வேரூன்றிய தவறு, மீள்தல் என்றால் சம இடைவெளியில் மீள்தல் என்று எண்ணிக்கொள்வது. ‘ஆவர்த்தனம்’ என்றதும் இசை அறிந்தவர்களுக்குத் தாளத்தின் ஒரு சுற்று நினைவுக்கு வரும். ஆதி தாளத்தில் ஒவ்வொரு ஆவர்த்தனமும் எட்டு அட்சரங்களில் முடியும், அந்தக் கணக்கு மாறாது. தனிமங்களில் அப்படியில்லை. லித்தியத் துண்டை நீரில் இட்டால் மெல்ல நுரைத்து ஹைட்ரஜனை வெளியிடும். சோடியம் உருகி, உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடும். பொட்டாசியம் இளம் ஊதாச் சுடருடன் எரியும். ஒரே குடும்பக் குணம், படிப்படியாக வேகம் கூடுகிறது. இவற்றின் அணு எண்கள், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைகள், 3, 11, 19. அடுத்து ருபீடியம் 37, சீசியம் 55, பிரான்சியம் 87. இடைவெளிகளைக் கணக்கிட்டால் 8, 8, 18, 18, 32 என்று வரும். எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆர்பிட்டால்களின் (அணுவில் எலக்ட்ரான்களுக்கான இடங்களின்) எண்ணிக்கை கூடக்கூடச் சுற்றும் நீள்கிறது. ஆனாலும் குணம் திரும்பி வருகிறது.

சம இடைவெளியை நம்பி இடறியவர்களுள் இங்கிலாந்து வேதியியலாளர் ஜான் நியூலாண்ட்ஸும் ஒருவர். நியான் போன்ற மந்த வாயுக்கள் அறியப்படாத 1860களில், ஸ ரி க ம ப த நி முடிந்து எட்டாவதாக மீண்டும் ஸட்ஜம் வருவதுபோல, லித்தியத்திலிருந்து எண்ணினால் எட்டாவதாகச் சோடியம் வருவதைக் கண்டு ‘எண்ம விதி’யை அவர் முன்வைத்தார். கால்சியம் வரை அது பொருந்தியது. அதற்கப்பால் பொருந்தாத தனிமங்களையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்க வேண்டியிருந்தது. 1866இல் லண்டன் வேதியியல் கழகக் கூட்டத்தில், தனிமங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் அவரைக் கேட்டார். நியூலாண்ட்ஸின் பார்வையில் இருந்த உண்மைக்கு அது நியாயமான வரவேற்பு அல்ல. 1887இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் வழங்கியது.

மெண்டலீவ் அணு எண்ணைக் கொண்டு அடுக்கினார் என்று எழுதுவதும் கூடாது. அவர் கையில் இருந்தது அணு எடை. டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானதாக இருந்தும், பண்பை மதித்து அதை முன்னால் வைத்தார். 1913இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் அணு எண்ணே அடிப்படை என்று காட்டியபோது அந்த இடமாற்றத்துக்குக் காரணம் கிடைத்தது.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அட்டவணையின் பெயரிலுள்ள ‘periodic’ என்ற அதே எழுத்துகளோடு ஓர் அமிலமும் இருக்கிறது. அதற்கும் ஆவர்த்தனத்துக்கும் தொடர்பில்லை. அயோடின் தன் உச்சமான +7 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும் அமிலம் அது. ‘பெர்’, ‘அயோடிக்’ என்று பிரித்துப் படித்து, தமிழில் பெர்அயோடிக் அமிலம் என்றே எழுத வேண்டும்.