பயன்பாட்டுக் கையேட்டைச் சக பணியாளரிடம் கொடுத்துத் திருத்தும் முறை

மென்பொருளை உருவாக்கியவரே அதன் பயன்பாட்டுக் கையேட்டையும் எழுதும்போது, தமக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்று எண்ணிவிடுகிறார். ஆகவே, வெளியிடும் முன் இருவரிடம் அதைக் கொடுங்கள்: ஒருவர் அந்த மென்பொருளை நன்கு அறிந்தவர், மற்றவர் அறியாதவர். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றுக்கான சரக்குக் கணக்கு மென்பொருள் என்றால், இரண்டாமவர் கிடங்கில் கணக்கு எழுதுபவராகவே இருக்கட்டும்.

சரிபார்ப்பவர் வெறுமனே படித்துக்கொண்டு போகக் கூடாது. சோதனைத் தரவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தைப் படித்ததும் அதில் சொன்னதைச் செய்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, கையேட்டில் இப்படி இருக்கலாம்: “பழைய பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ பொத்தானை அழுத்தவும். அதற்கு முன் காப்பு நகல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.” படிக்கும்போது இதில் குறை தெரியாது. செய்து பார்ப்பவருக்கோ, இரண்டாம் வாக்கியத்துக்கு வருவதற்குள் பதிவுகள் போயிருக்கும். நகலை யார், எந்தத் திரையில் எடுப்பது என்பதும் அதில் இல்லை.

இங்கே “தெளிவாக இல்லை” என்று மட்டும் குறித்தால், எழுதியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள்: “முதலில் ‘கருவிகள்’ பட்டியலில் ‘காப்பு நகல்’ என்பதை அழுத்துங்கள். நகல் முடிந்தது என்ற செய்தி வந்த பிறகு, பழைய பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ பொத்தானை அழுத்துங்கள்.”

கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளில் கையேட்டை வைத்திருப்பவர்கள் ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதுவது நல்லது. பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு சொல்லை மாற்றினாலும் பத்தி முழுவதும் மாறியதாகவே காட்டும்.

எது பிழை, எது சரிபார்ப்பவரின் விருப்பம் என்பதைக் குறிப்பிலேயே பிரித்துச் சொல்லுங்கள். விருப்பத்தை ஏற்பதும் விடுவதும் எழுதியவர் உரிமை. ஒற்று மிகுமா மிகாதா என்ற வாதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் (அதை முதலில் எடுத்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்). ஆனால், ஒரே வாக்கியத்தை இருவரும் இருவிதமாகப் புரிந்துகொண்டால், யார் சொல்வது சரி என்று பார்க்காமல் வாக்கியத்தை மாற்றிவிடுங்கள்.

மாதிரித் தரவுகளும் வாசகத்தைச் சேர்ந்தவையே. மாதிரி ரசீதில் “ஆம்பூர், வேலூர் மாவட்டம்” என்று இன்னும் இருக்கலாம்; 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதைத் திருத்தும்போது, மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையையும் திறந்து பாருங்கள். அங்கும் பழைய பட்டியலே இருந்தால், அந்தக் குறிப்பை நிரலாளருக்கு அனுப்ப வேண்டும்.