பழைய சிங்கர் மெசினில் தையல் விட்டு விட்டு விழுகிறதா?

சிங்கர் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் பல வீடுகளில் அம்மம்மா காலத்துக் கறுப்பு மெசின் இன்னும் மூலையில் நிற்பது அதனால்தான். தையல் பிழைத்தால் எல்லாருடைய கையும் முதலில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள். கரண்டில் ஓடும் மெசின் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

1. ஊசி

உடையும்வரை ஊசி மாற்றாத பழக்கம் எங்களுக்கு. ஊசியைக் கழற்றி, அதன் தட்டைப் பக்கம் கண்ணாடியில் படும்படி வையுங்கள். நுனிப் பக்கம் இடைவெளி கூடிக் குறைந்தால் ஊசி வளைந்துவிட்டது, எறியுங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

இனித்தான் முக்கியமான விஷயம். புது மெசின்களில் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். சிங்கர் 15 மொடலில் அது இடப்பக்கம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். 66, 99 மெசின்களில் அப்படியே மாறி: தட்டை வலப்பக்கம், நூல் இடமிருந்து வலம். எந்த மொடல் என்று தெரியாவிட்டால் ஊசியில் ஓடும் நீளப் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் உள்ள பக்கத்தால்தான் நூல் நுழையும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளிவிட்டுத் திருகை இறுக்குங்கள். கொஞ்சம் கீழே நின்றாலும் தையல் விடும்.

2. மேல்நூல்

துணியின் அடியில் நூல் சிக்குப்பட்டுக் கிடந்தால் கீழ்நூல் சுற்றிய பொபினைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில். அழுத்தும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு புதிதாக நூல் கோருங்கள். கால் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் உள்ளே போகாது.

3. பொபின்

துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையிலும் பொபின் கேஸிலும் உள்ள பஞ்சுத் தூசியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுங்கள். 15 போல பொபினோடு கேஸைக் கழற்றி எடுக்கும் மெசின் என்றால், பிறகு நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு மெல்ல உதறுங்கள். சற்று இறங்கி நின்றால் சரி.

4. டென்ஷன்

இப்போது பழந்துணியில் தைத்துப் பாருங்கள். கீழ்நூல் மேலே தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள், மேல்நூல் அடியில் வளையமாகத் தொங்கினால் இறுக்குங்கள். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான்.

5. எண்ணெய்

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி இறுகும். மெசின் எண்ணெயே விடுங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டதா? இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கையால் சுற்றி, துடைத்த பிறகு எண்ணெய் விடுங்கள். சக்கரத்தை எப்போதும் உங்கள் பக்கமாகவே சுற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஊசி அடிவரை இறங்கி மேலே எழத் தொடங்கும்போது கீழே உள்ள கொக்கி நூலைப் பிடிக்கவில்லை என்றால் டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம், விலகியிருக்கலாம். அதை மெசின் பாஸிடம் விடுங்கள். புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போனால் பழைய பொபினையும் ஊசியையும் கையோடு கொண்டுபோங்கள். 15 இன் பொபின் 66 க்குப் பொருந்தாது.